உப்பு எத்தனை கத்தி?

கேள்வி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"சர்க்கரை குடிக்கிறீங்களா? உப்பு எத்தனை கத்தி போடட்டும்?"

கேட்ட மைக்கம்மாவின் முகத்தில் அன்பு வழிந்தது. கேட்கப்பட்ட சம்பந்தியம்மாவின் முகத்திலோ ரத்தம் மொத்தமும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தது.

கேள்வி சம்பந்தியம்மாவின் தாய்மொழியில் கேட்கப்பட்டது. உச்சரிப்பில் ஒரு பிசிறு கிடையாது. விபரீதமே அதுதான். கொஞ்சம் குழறியிருந்தால், பாவம், புதிதாகப் படிக்கிறாள் என்று சிரித்து விட்டிருப்பார். இவளோ வானிலை அறிக்கை வாசிக்கிற தோரணையில் உப்பையும் கத்தியையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, பதிலுக்காகப் புன்னகையோடு காத்திருந்தாள்.

வந்தவர் கதவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இரண்டு விரலைக் காட்டினார்.

இந்த நிலைமைக்குக் காரணம் ஒரு ஃபோன்கால்.

*

மைக்கம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, யாருடைய குடை எந்தக் கடையில் அனாதையாகக் கிடக்கிறது, எந்த ஊர் ஓட்டுநர் டீ குடித்தது போதும் என்று வண்டிக்குத் திரும்ப வேண்டும், எல்லாம் அவள் குரலில்தான். அவள் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. மைக்கம்மா என்றால் போதும்.

அவளைப் பார்த்து ஒருத்தர் "பேசவே மாட்டேங்கறா" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் படிக்கப் போய், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்ட மகள், ஃபோனில் தயங்கித் தயங்கி விஷயத்தை அவிழ்த்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. எங்க மாமியாருக்கு ஒரு சின்ன வருத்தம். கல்யாணத்துல நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையாம். உனக்கு அவங்களைப் பிடிக்கலையோன்னு நினைக்கிறாங்க."

"நானா? பேசலையா? நான் பேசினதை எல்லாம் நீதானேடி சொன்ன அவங்ககிட்ட?"

"சொன்னேன். கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்."

"எவ்வளவு சுருக்கின?"

"அவங்க புடவை மாதிரி சுத்தியிருந்தாங்களே, அந்த அங்கவஸ்திரத்தைப் பத்தி நீ ரொம்ப நேரம் பேசினியே... 'நல்லா இருக்கு'ன்னு சொன்னேன்."

மைக்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். குண்டு அதற்குப் பிறகுதான் விழுந்தது. மாமியார் ஒரு நாடக அரங்கத்தில் வேலை பார்க்கிறார். பார்க்க வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கிக் கொக்கியில் மாட்டி, டோக்கன் கொடுத்து, நாடகம் முடிந்ததும் அவரவர் கோட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுக்கிற வேலை. அரங்கத்தை மராமத்துக்காக மூடுகிறார்களாம். அதனால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்பாகவே அவர் மட்டும் கிளம்பி வருகிறாராம். இரண்டு நாள், நடுவில் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல்.

"ஒண்ணும் பயப்படாதம்மா. ஃபோன்ல பேசினா அதுவே மொழிபெயர்த்துச் சொல்லும்."

"நடுவுல மெஷினை உட்கார வெச்சுப் பேசறதுக்கு நீயே தேவலாம். என் வாயால நானே பேசறேன். நீ அவங்ககிட்ட மூச்சு விடாத."

"எப்படிம்மா பேசுவ?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

ஃபோனை வைத்த கையோடு ஒரு மொழி கற்கும் ஆப்பை இறக்கினாள்.

*

முதல் சில பாடங்கள் நன்றாகப் போயின. வாங்க, உட்காருங்க, வேணுமா, போதுமா, எத்தனை. பஸ் ஸ்டாண்டு புண்ணியத்தில் உள்ளே, வெளியே, முன்னால், பின்னால், திருப்பு, நிறுத்து எல்லாம் ஒரே மூச்சில் மனப்பாடம். அதற்கு மேல் ஆப் தன் சுயரூபத்தைக் காட்டியது. ராஜா கோட்டையில் குதிரைக்கு ஆப்பிள் கொடுக்கிறார் என்றது. மைக்கம்மா அதையும் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, சம்பந்தியம்மா வந்து குதிரை எங்கேன்னு கேட்டா பதில் ரெடி. தண்ணி எங்கேன்னு கேட்டாதான் முழிக்கணும்."

அவள் கணவர் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர். தெருவில் லேபிள்காரர் என்றால்தான் தெரியும். மனைவியின் ஃபோனை வாங்கி அங்கே இங்கே தட்டியவர், ஒரு மூலையில் அதைக் கண்டுபிடித்தார்.

"இதைப் பாரு. 'உங்கள் வீட்டுச் சொற்கள்'னு போட்டிருக்கு. நம்ம வீட்ல இருக்கிற சாமான் பேரை வரிசையா அடிச்சா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம்போட்ட க்யூஆர் கோடு குடுக்குதாம். அதை ஸ்டிக்கரா அடிச்சு சாமான் மேல ஒட்டிட்டா, எந்த ஃபோன் கேமராவைக் காட்டினாலும் அந்த பாஷையில பேரைச் சொல்லுமாம்."

"தமிழ்ல என்னன்னு காட்டாதா?"

"காட்டாதாம். அதுதான் பெருமையாம். 'தாய்மொழியை நடுவில் கொண்டுவராதீர்கள், பொருளைப் பார்த்துச் சொல்லைப் படியுங்கள்'னு எழுதியிருக்கு. நீ பேரைச் சொல்லு, நான் நாளைக்கு மெஷின்ல அடிச்சிட்டு வர்றேன்."

மைக்கம்மா வாசலில் இருந்து ஆரம்பித்து வீட்டுக்குள் நடந்தபடியே அறிவித்தாள். "கதவு. சாவி. செருப்பு. நாற்காலி. மின்விசிறி. ஜன்னல்." அடுக்களைக்குள் புகுந்தாள். "டீ. சர்க்கரை. உப்பு. கரண்டி. கத்தி. தட்டு." அடுத்தது குளியலறை. "வாளி. சோப்பு. துண்டு. கண்ணாடி. சீப்பு. இந்தக் கதவுக் கைப்பிடி கழண்டு கழண்டு வருதே, அதை எப்பங்க சரி பண்ணப் போறீங்க?"

"கைப்பிடியையும் அடிக்கணுமா?"

"திட்டினேன். அதை அடிக்காதீங்க." படுக்கையறை. "கட்டில். தலையணை. கடிகாரம். அவ்வளவுதான், வண்டி புறப்படலாம்."

மறுநாள் ஆலையில் லேபிள்காரர் ஸ்டிக்கர் ரோலை ஓட்டினார். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லேபிள் மெஷினில் ரோலின் முதல் லேபிள் எப்போதும் கோணலாகத்தான் வரும். அதைக் கிழித்து எறிவது அங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். யோசிக்கவே மாட்டார்கள். எறிவதுகூட இல்லை, சட்டைக் கையிலோ சாப்பாட்டுப் பையிலோ ஒட்டி வைப்பார்கள். லேபிள்காரரின் சாப்பாட்டுப் பையில் வருஷக்கணக்கான வேஸ்ட் லேபிள்கள் தோல் மாதிரி தடித்துப் போயிருந்தன.

ரோல் வந்தது. முதல் ஸ்டிக்கரை அவர் கை தன் பாட்டுக்குக் கிழித்தது. பையில் ஒட்டியது. அவர் மேஸ்திரியிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவரும் வாசலில் இருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கடிகாரத்துக்கு வந்தபோது ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது.

"ஒண்ணு குறையுதே?"

"மெஷின் எப்பவும் ஒண்ணைத் தின்னுடும். கடிகாரம்தானே, விடு. சம்பந்தி மணி கேட்டா கையைக் காட்டு."

இப்படியாக அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானும் பக்கத்துச் சாமானின் பெயரைச் சூட்டிக்கொண்டது. கதவு 'சாவி' ஆனது. நாற்காலி 'மின்விசிறி' ஆனது. டீ 'சர்க்கரை' ஆனது, சர்க்கரை 'உப்பு' ஆனது, கரண்டி 'கத்தி' ஆனது. மைக்கம்மா தினமும் கேமராவைக் காட்டினாள், கேட்டாள், திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஆப் பச்சை டிக் போட்டுக் கைதட்டியது. ஆப்பைக் குறை சொல்ல முடியாது. ஸ்டிக்கரில் இருந்ததைத்தான் அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

*

சம்பந்தியம்மா இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு வாய். பிறகு மடமடவென்று முழு டம்ளரும்.

"மின்விசிறியில உட்காருங்க," என்றாள் மைக்கம்மா, அவர் மொழியில், கம்பீரமாக.

வந்தவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்தார்.

"இதோ, இந்த மின்விசிறி!" மைக்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டீயைத் திறக்கட்டுமா? காத்து வரும்." ஜன்னலைத் திறந்தாள்.

சாப்பாட்டு வேளையில் "வாளி நிறைய சாப்பிடணும்" என்று உபசரித்தாள். படுக்கையை விரித்தபோது "ஒரு கடிகாரம் போதுமா, தலைக்கு இன்னொண்ணு வேணுமா?" என்று விசாரித்தாள். லேபிள்காரர் பக்கத்தில் நின்று பெருமையில் பூரித்தார்.

"கலக்கறே மைக்கு. மகாராணி மாதிரி பேசறே."

"ஆனா அவங்க ஏங்க அப்பப்ப முழிக்கிறாங்க?"

"நீ இவ்வளவு நல்லா பேசுவேன்னு எதிர்பார்த்திருக்க மாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மைக்கம்மாவுக்குள் ஒரு முள். கல்யாணத்தில் விழுந்த கீறல் அழிகிறதா, ஆழமாகிறதா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தபோது ஒரு காட்சி. சம்பந்தியம்மா தன் ஃபோனோடு வாசல் கதவருகே நின்றிருந்தார். ஸ்டிக்கரைக் காட்டினார், ஃபோன் பேசியது. சாவிக்கு நகர்ந்தார். செருப்புக்கு நகர்ந்தார். உதடுகள் எதையோ கணக்குப் போட்டன. நாற்காலிக்கு வந்ததும் அப்படியே நின்றார். ஒரு கொக்கியையும் அடுத்த கொக்கியையும் சுட்டுகிற மாதிரி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்களைத் துடைத்தார்.

'அழறாங்களே! வீட்டு ஞாபகம் வந்திருச்சு போல' என்று மைக்கம்மா அவசரமாக டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

சம்பந்தியம்மா நேராக அடுக்களைக்கு வந்தார். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"சர்க்கரை வேணும். உப்பு ஒரு கத்தி போதும்."

மைக்கம்மாவுக்கு டீ டப்பாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புரிகிறது! தான் பேசுவது அவருக்குப் புரிகிறது! அதற்குப் பிறகு இரண்டு பேரையும் நிறுத்த முடியவில்லை. மின்விசிறி கொண்டா என்பார் ஒருத்தர், நாற்காலி வரும். வாளி கழுவட்டுமா என்பார் இன்னொருத்தர், தட்டு பளபளக்கும்.

பகலில் அவரைப் பேருந்து நிலையத்துக்கே கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மைக்கைத் தட்டினாள். அவள் குரல் வெளியே எட்டு மூலையிலும் ஒலிக்க, பெட்டி தூக்கியவர்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடினார்கள். சம்பந்தியம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். மைக்கம்மாவின் தொண்டையைக் காட்டினார், வெளியே ஒலிபெருக்கியைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் வீட்டுச் சாமான் இல்லை. ஆனால் ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்து, "யாரு மைக்கம்மா, புது அறிவிப்பாளரா? எங்களைத் திட்டறதுக்கு இன்னொரு பாஷையா?" என்று கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

*

மகளும் மாப்பிள்ளையும் வருகிற நாள். லேபிள்காரர் அரை நாள் வேலை பார்த்துவிட்டு, அப்படியே அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா மகன் வருவதற்குள் தயாராக வேண்டும் என்று குளிக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டணார்' என்று ஒரு சத்தம்.

மைக்கம்மா குளியலறைக் கதவுக்கு ஓடினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். உள்பக்கக் கைப்பிடி கழன்று தரையில் விழுகிற சத்தம். வீட்டுக்காரர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. கண்ணாடிக்குப் பின்னால் லேபிள்காரர் ஒரு மழுங்கல் கத்தியைச் செருகி வைத்திருக்கிறார். அதைக் கைப்பிடி இருந்த ஓட்டையில் விட்டுத் திருப்பினால் கதவு திறந்துவிடும். வெளியில் இருந்து ஒன்றும் செய்ய முடியாது. வந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

உள்ளே கதவைத் தட்டும் ஓசை. அப்புறம் வெள்ளம் மாதிரி பேச்சு. அத்தனையும் அவர் மொழி, அத்தனையும் புரியவில்லை. குரலில் நடுக்கம் ஏறிக்கொண்டே போனது. மைக்கம்மா கதவில் கன்னத்தை வைத்து நின்றாள். படித்ததெல்லாம் எங்கே போயிற்று? ராஜா, கோட்டை, குதிரை! தலைக்குள் குதிரை மட்டும்தான் ஓடியது.

சட்டென்று உள்ளே பேச்சு நின்றது. ஒரு நீண்ட மூச்சு. பிறகு நிதானமாக, தெளிவாக:

"சாவி. சாவி திறக்கல."

அவ்வளவுதான். மைக்கம்மாவின் முதுகு நிமிர்ந்தது. மைக் முன்னால் உட்கார்ந்த மாதிரி தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"பயப்படாதீங்க! சீப்பு! சீப்புக்குப் பின்னால் தட்டு இருக்கு!"

"சீப்புக்குப் பின்னாலா?"

"சீப்புக்குப் பின்னால்! தட்டை எடுங்க! தட்டை சாவிக்கு உள்ளே விடுங்க!"

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார்கள் மூன்று பேர். லேபிள்காரர் தோளில் சாப்பாட்டுப் பை. மகள் கையில் பெட்டி. மாப்பிள்ளை முகத்தில் திகில். அந்த மொழி நன்றாகத் தெரிந்த இரண்டு பேருக்கும் கேட்டது இதுதான்: சீப்புக்குப் பின்னால் தட்டு. தட்டைச் சாவிக்குள் விடு.

"அம்மா! உனக்கு என்ன ஆச்சு? என்ன உளர்ற?" மகள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "தள்ளு, நான் பேசறேன்." கதவருகே குனிந்து, சுத்தமான இலக்கணத்தோடு, மாமியாரிடம் என்ன பிரச்சினை என்று விசாரித்தாள்.

உள்ளே இருந்து வந்த பதிலில் அவள் முகம் மாறியது.

"என்னடி சொல்றாங்க?"

"'நீ சும்மா இரு, குழப்பாதே, உங்க அம்மாவைப் பேசச் சொல்லு'ங்கறாங்க."

மைக்கம்மா மகளைத் தோளால் ஒதுக்கினாள். "தட்டு கிடைச்சுதா?"

"தட்டு கிடைச்சது!"

"உள்ளே விட்டாச்சா?"

"விட்டாச்சு!"

"திருப்புங்க! இன்னும் திருப்புங்க! நிறுத்துங்க! இப்ப சாவியை இழுங்க!"

'டக்'. கதவு திறந்தது. தலையில் துண்டும் கையில் மழுங்கல் கத்தியுமாக சம்பந்தியம்மா வெளியே வந்தார். மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்க்கவில்லை. மைக்கம்மாவைக் கட்டிக்கொண்டார்.

*

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா, எனக்கா?" மகள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "சீப்புக்குப் பின்னாடி எங்கம்மா தட்டு இருக்கு?"

"சீப்பு எங்கடி சொன்னேன்? கண்ணாடின்னு சொன்னேன்."

"கண்ணாடிக்கு அந்த வார்த்தையே இல்லம்மா!"

"ஆப்புல அப்படித்தான் சொல்லுது. நீ வேணா கேட்டுப் பாரு!"

மகள் ஃபோனை எடுத்துக் கண்ணாடி ஸ்டிக்கரைக் காட்டினாள். ஃபோன் 'சீப்பு' என்றது. துண்டைக் காட்டினாள். 'கண்ணாடி' என்றது. அவள் வீடு முழுக்கச் சுற்றி வந்து, கடைசியில் அப்பாவின் தோள் பக்கம் நின்றாள். சாப்பாட்டுப் பையில், பழுப்பேறிய பழைய லேபிள்களின் மேல் ஒரு புது ஸ்டிக்கர். ஃபோனைக் காட்டினாள்.

'கதவு' என்றது ஃபோன்.

"அப்பா, இது என்ன?"

"அது வேஸ்ட்டும்மா. ரோல்ல முதல் லேபிளை எப்பவும் கிழிச்சு..." லேபிள்காரர் பாதியில் நிறுத்தினார். வாசல் கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மைக்கம்மாவுக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் காது வரை சூடு ஏறியது. "அப்ப முதல் நாள் நான் டீ வேணுமான்னு கேட்டேனே... என்னடி கேட்டிருக்கேன்?"

மகள் சொன்னாள்.

"ஐயையோ! உப்பு எத்தனை கத்தியா?" மைக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மானம் போச்சு. பேசாமலே இருந்திருக்கலாம். உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? கிழிங்க, எல்லா ஸ்டிக்கரையும் கிழிங்க!"

அவள் நாற்காலி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் பெயர்க்கும்போது சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்தார். மருமகளைப் பக்கத்தில் அழைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"சுருக்காம சொல்லு," என்றாள் மைக்கம்மா, முந்தானைக்குள் இருந்தே.

"சரி, சுருக்கல. முதல் டீயைக் கையில வாங்கும்போது இதுதான் கடைசி டீயோன்னு நினைச்சாங்களாம். குடிச்சா, நல்ல டீ. அப்புறம் ஸ்டிக்கரைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சாம். அவங்க அரங்கத்துல ஒரு டோக்கன் தள்ளிப்போனா, அந்த வரிசை மொத்தமும் அடுத்தவங்க கோட்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுமாம். இந்த வீடும் அப்படித்தான் நிக்குதுன்னு தெரிஞ்சு சிரிச்சாங்களாம்."

"அது சிரிப்பா? நான் அழறாங்கன்னு..."

"இரும்மா, இன்னும் இருக்கு. கல்யாணத்துல நீ பேசாததால உனக்கு அவங்களைப் பிடிக்கலைன்னு நினைச்சாங்களாம். இங்க வந்து பார்த்தா, வாளி மேலகூட அவங்களுக்காக ஒட்டி வெச்சிருக்க. அதைப் போய்த் தப்புன்னு சொல்ல வாய் வரலையாம். நீ பேசற மாதிரியே பேசிடலாம்னு எல்லாத்தையும் ஒரே காலையில மனப்பாடம் பண்ணிட்டாங்களாம்."

மைக்கம்மா முந்தானையை இறக்கினாள். சம்பந்தியம்மா குறும்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை குடிக்கலாமா?" என்றார்.

முதலில் வெடித்தது லேபிள்காரர்தான். பிறகு வீடே சிரித்தது, மாப்பிள்ளையும் சேர்ந்து.

"உன் உத்தியோகம் போச்சுடி," என்றாள் மைக்கம்மா மகளிடம், டீ டப்பாவை எடுத்தபடி.

ஊருக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா லேபிள்காரரிடம் ஒரு உதவி கேட்டார். தன் வீட்டுச் சாமான் பெயர்களை எல்லாம் ஆப்பில் அடித்து வைத்திருக்கிறாராம். தமிழில் பேசுகிற ஸ்டிக்கர் ஒரு ரோல் வேண்டுமாம்.

"இந்தத் தடவை ஜாக்கிரதையா அடிக்கிறேன்னு சொல்லும்மா," என்றார் லேபிள்காரர் பவ்யமாக.

மகள் மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா பதறிப்போய்த் தலையை ஆட்டினார். ரோலைத் தொடுகிற மாதிரியும், முதலாவதைக் கிழித்து எறிகிற மாதிரியும் கையால் காட்டினார்.

போன வாரம் மைக்கம்மா வேலையில் இருந்தபோது ஃபோன் அடித்தது. அவசரத்தில் மைக்கை அணைக்க மறந்து, ஸ்பீக்கரில் எடுத்துவிட்டாள். பேருந்து நிலையம் முழுக்க, எட்டு மூலையிலும், ஒரு வெளிநாட்டு அம்மாவின் குரல் அழகான தமிழில் ஒலித்தது.

"சம்பந்தி! சர்க்கரை குடிச்சாச்சா?"

டீக்கடை வாசலில் நின்ற ஓட்டுநர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். மைக்கம்மா மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"குடிச்சாச்சு சம்பந்தி! ரெண்டு கத்தி உப்பு போட்டு!"